பெயருக்கு ஒரு சைலன்சர்

பூட்ஸ்பெர்க் வாகனப் பரிசோதனைக் கொட்டகையில்
காலை ஏழு இருபதுக்கு
மூன்றாம் பாதை எனக்கு.
பிரேக் பிடித்தது. விளக்கு எரிந்தது.
டயரின் பள்ளத்தை ஊசி வைத்து அளந்து
சரி என்று தலையாட்டினார் ஆம்ஸ்டுட்ஸ்.
பிறகு முக்காலி ஒன்றில் மைக்கைப் பொருத்தி
குழாய் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளிச்
சற்றே சாய்வாக நிறுத்தினார்,
கல்யாண வீட்டில் யாரோ பேசப்போவதுபோல.

நாலாயிரம் சுற்று. பிடியுங்கள். விடுங்கள்.
பேசியது.
தொண்ணூற்றெட்டு.
தாளில் இருப்பது தொண்ணூற்றொன்று,
சலுகை ஐந்தைக் கூட்டினாலும் தாண்டுகிறது.

"உள்ளே ஒன்று இருக்க வேண்டுமே"
டார்ச்சை அடித்துக் காட்டினார்.
வெறும் இருட்டு, கண்ணுக்கு எட்டியவரை.
வாங்கும்போதே இல்லை, என்றேன்.
எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்போல,
எழுதிக்கொண்டே இருந்தார்.
முப்பது நாள் தவணை.

சைலன்சர் என்று இதற்குப் பெயர் வைத்தவன்
எங்கள் தெருவில் குடியிருந்ததில்லை.
சீஸ் ஆலையின் இரவு வேலை முடிந்து
விடியற்காலை ஐந்து பத்துக்கு நான் திரும்ப,
முதல் மாடியில் திருமதி ஹூர்லிமான் விளக்கு எரியும்.
இரண்டு முறை கடிதம் போட்டிருக்கிறார்.
மரியாதையான கடிதம், முடிவில் அன்பான வாழ்த்துகளும்.
நான் பதில் போடவில்லை.
எட்டு மணிநேரம் காதில் செம்மஞ்சள் பஞ்சு அடைத்து
ஒரு வார்த்தை பேசாமல் பெட்டி அடுக்குகிறவளுக்குப்
பதினொரு கிலோமீட்டராவது
உறுமட்டும் என்றிருந்தது.
அத்தோடு நான் ஐந்தடி இல்லை.
லாரிக்காரன் கண்ணாடியில் தெரிவதற்கு முன்
கேட்கட்டும்.

பைக்கை விற்ற ரேட்டோவைத் தேடி ஹுட்வில் போனேன்.
டெசிபெல் கில்லரா, என்று சிரித்தான்.
கொலைகாரன் சமையலறை மேசைமேல் நின்றான்:
சாண் நீள இரும்பு,
புட்டுக்குழலுக்கு அம்மை போட்டதுபோல் உடம்பெங்கும் துளை,
அதற்குள் அவன் மகளின் மெழுகுப் பென்சில்கள்.
லெயோனி, ஐந்து வயது, தரமாட்டேன் என்றாள்.
பேரம் நடந்தது.
பதிலுக்கு ஒரு ஜாம் போத்தல்,
மேலே என் ஹார்னை மூன்று தரம் அடிக்க அனுமதி.
நான்காவது தரமும் அடித்தாள்.

மறுபடி பூட்ஸ்பெர்க். அதே முக்காலி.
பிடியுங்கள் என்றவர் மூக்கைச் சுருக்கினார்.
என்ன எரிகிறது?
துளைகளில் ஒட்டிக் கிடந்த மெழுகு
உருகிப் புகையாக வந்துகொண்டிருந்தது,
அணைத்த பிறந்தநாள் மெழுகுவர்த்தி மணம்.
பச்சையாக இருக்கலாம், என்றேன்.
நீலமும் கொஞ்சம்.
அதற்கான கட்டம் அவர் படிவத்தில் இல்லை.
தொண்ணூற்றிரண்டு. முத்திரை.

அன்றிரவு வேலை முடிந்து வரும்போதுதான் கேட்டது.
சங்கிலிக்கு எண்ணெய் காணாது.
அறுபதைத் தாண்டினால்
இடது கண்ணாடிக்குப் பல் கிட்டுகிறது.
லாங்கென்தாலுக்கு முந்தின சிறு பாலத்தில்
ஏதோ ஒரு இரும்புப் பலகை தளர்ந்திருக்கிறது.
அப்புறம் யாரோ ஒருத்தி
விடாமல் பேசிக்கொண்டு வருகிறாள்
ஹெல்மெட்டுக்குள்,
மேற்பார்வை க்ரேபை வாடா போடா என்று வைது,
வாடகைக் கணக்குப் போட்டு,
"அப்பவே சொல்லியிருக்கவேணும், அப்பவே" என்று
நல்ல யாழ்ப்பாணத் தமிழில்.

எத்தனை வருடமாகவோ.

சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரின் ஜன்னல் இறங்கியது.
வாயை மூடினேன்.
பச்சை விழுந்ததும்
விட்ட இடத்திலிருந்து.

ஐந்து பத்து. முதல் மாடி இருட்டாகவே இருந்தது.
எஞ்சினை அணைத்து, ஹெல்மெட்டைக் கழற்றாமல்,
அந்த ஜன்னலுக்குக் கீழே நின்று
மீதியையும் சொல்லி முடித்தேன்.